கரண்ட் போனாலும் போன் பேச வேண்டும்
வீட்டு நெட் போனில் அவசர அழைப்புக்கு நாம் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்



போன மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் உறுப்பினர் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். "மத்தவங்களுக்கு உதவும்னா எழுதுங்க, ஊர் பேர் மட்டும் வேணாம்" என்று அவரே சொன்னார்.

அவருடைய மருமகள் நிறைமாத கர்ப்பிணி. மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். சாயங்காலமே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டு கரண்ட் போய்விட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மருமகளுக்கு வலி எடுத்தது. "வீட்டுலதான் போன் இருக்கே" என்ற தைரியத்தில் அந்த அம்மா போனை எடுத்திருக்கிறார். போனில் சத்தமே இல்லை. செல்போனைப் பார்த்தால் சார்ஜ் சுத்தமாக இல்லை. கொட்டுகிற மழையில் நாலு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து 108-க்குப் பேசுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

பேசியவரும் பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார். பக்கத்து ஒன்றியத்திலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. அந்தக் குழப்பத்தில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் ஆஸ்பத்திரி போகிற வழியில், 108 வண்டியிலேயே குழந்தை பிறந்தது. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் நலம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஏம்மா, பழைய போன் இருந்தப்ப கரண்ட் போனாலும் பேசுமே? மாசாமாசம் காசு கட்டுறோம், இந்தப் புதுப் போனுக்கு என்ன கேடு?"

நியாயமான கேள்வி. 2020-ல் பள்ளிக்கூடம் மூடி ஆன்லைன் வகுப்பு வந்த பிறகு, நம் உறுப்பினர்கள் பலர் வீட்டுக்கு நெட் இணைப்பு எடுத்தார்கள். கூடவே போனும் கொடுத்தார்கள். பழைய செம்புக் கம்பி போன் வைத்திருந்தவர்களில் பலருக்கும் இப்போது கண்ணாடி இழை கேபிளாக மாற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் இந்தக் கேபிளைக் கொண்டு போகும் வேலை பாரத்நெட் திட்டத்தில் நடக்கிறது. இனி இந்த வகைப் போன்தான் நம் வீடுகளில் அதிகமாகும். அதனால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

பழைய போனுக்கும் நெட் போனுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய தரைவழிப் போனுக்கு நம் வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே நம் போனுக்கு வந்துவிடும். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் பேசும்.

புது இணைப்பில் வருவது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. அந்த ஒளியை வாங்கி நெட்டாகவும் பேச்சாகவும் மாற்றிக் கொடுப்பது சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டி. அந்தப் பெட்டிக்கு நம் வீட்டு பிளக்கில் இருந்துதான் கரண்ட் போகிறது. கரண்ட் போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் நெட்டும் போச்சு, போனும் போச்சு.

ஆக, நம் வீட்டு நெட் போன் பேச வேண்டும் என்றால் நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும்.

1. மோடத்துக்குக் கரண்ட் வர வேண்டும்.
2. வீட்டுக்கு வரும் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும்.
3. இணைப்புக் கொடுப்பவரின் இடத்தில் கரண்டோ பேட்டரியோ இருக்க வேண்டும்.
4. மாதக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். தேதி தாண்டி இணைப்பை நிறுத்தினால் போனும் நின்றுவிடும்.

இதில் முதலாவதும் நான்காவதும் நம் கையில் இருக்கின்றன. மற்ற இரண்டும் நம் கையில் இல்லை. எனவே நம் கையில் இருப்பதைச் சரிசெய்துவிட்டு, இல்லாததற்கு மாற்று வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஏற்பாடு: மோடத்துக்குத் தனிக் கரண்ட்

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேலை சுலபம். மோடம் மாட்டியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்ததும் மோடத்தின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சரி. அணைந்துவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். மோடம் இழுக்கும் கரண்ட் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுதான்.

இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளுக்கு மோடத்துக்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. கையடக்கப் பெட்டிதான். விலை சுமார் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. கரண்ட் போன பிறகு பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் மோடத்தை ஓட்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். அந்த அடாப்டரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வோல்ட் மாறினால் மோடம் கெட்டுப்போகும்.

இந்த யூபிஎஸ்-க்குள் இருப்பதும் பேட்டரிதான். நாள் ஆக ஆகச் சக்தி குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு எத்தனை நேரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

போன் கருவியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வயர் இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால், அதன் அடித்தட்டுக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். மோடம் எரிந்தாலும் கார்ட்லெஸ் அணைந்திருக்கும். வயர் வைத்த சாதாரணப் போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, மோடத்தில் இருந்தே அதற்குச் சக்தி போய்விடும். பரணில் போட்டிருக்கும் பழைய வயர் போனைத் தூசி தட்டி எடுத்து மோடத்தில் மாட்டிப் பாருங்கள். நன்றாகப் பேசினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மோடத்தின் விளக்குகளையும் பழகிக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் எந்தெந்த விளக்கு பச்சையாக எரிகிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள். எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ, கேபிளில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அப்போது யூபிஎஸ் இருந்தும் பயன் இல்லை. உடனே புகார் கொடுங்கள், அதுவரை செல்போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஏற்பாடு: நாம் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. நாம் 108 அடித்தால் பேசுபவர் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். அவருக்கு நம் தெருவும் தெரியாது, மாரியம்மன் கோயிலும் தெரியாது. "புதூர்" என்றால் எந்தப் புதூர்? "காலனி" என்றால் எந்தக் காலனி? நாம் சொல்வதை வைத்துத்தான் வண்டி வரும்.

வீட்டுப் போனில் இருந்து அடித்தால் முகவரி அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நம்பி இருக்க வேண்டாம். கணக்கில் இருக்கும் முகவரியே சில சமயம் தப்பாக இருக்கும். இணைப்பு மகன் பெயரில், அவருடைய பழைய வாடகை வீட்டு முகவரியில் இருக்கலாம். வீடு மாறும்போது மோடத்தைத் தூக்கி வந்து மாட்டியிருப்போம், முகவரியை மாற்றியிருக்க மாட்டோம். பில்லையோ ரசீதையோ எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரிதானா? இல்லை என்றால் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள்.

அடுத்தது, போனுக்கு மேல் சுவரில் ஓர் அட்டை ஒட்டுங்கள். கொட்டை எழுத்தில் இப்படி இருக்கட்டும்:

- எங்கள் ஊர், தெரு, கதவு எண்
- ஊராட்சி, ஒன்றியம், தாலுகா, மாவட்டம், பின்கோடு
- மெயின் ரோட்டில் இருந்து வரும் வழி: எந்த பஸ் நிறுத்தம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்
- அடையாளம்: பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை
- இந்த வீட்டுப் போன் எண், ஊர்க் குறியீட்டோடு
- இரண்டு செல்போன் எண்கள்

அவசரத்தில் சொந்த போன் நம்பரே மறந்துபோகும். எழுதி ஒட்டியிருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட வாசித்துச் சொல்லிவிடும்.

செல்போன் எண்ணையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி கிளம்பிய பிறகு வழி கேட்டு டிரைவர் திரும்பக் கூப்பிடுவார். நாம் வீட்டுப் போனில் பேசிவிட்டு எல்லோரும் ரோட்டில் போய் நின்றால், அந்தப் போன் வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பேசும்போதே "டிரைவர் இந்த செல் நம்பருக்குக் கூப்பிடட்டும்" என்று ஒரு நம்பரைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும்.

எதிர்முனையில் இருப்பவர் கேள்வி கேட்டால் எரிச்சல்பட வேண்டாம். "இத்தனை கேள்வி எதுக்கு, வண்டிய அனுப்புங்க" என்று போனை வைத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

மூன்றாவது ஏற்பாடு: இரண்டாவது வழி

எத்தனை யூபிஎஸ் வைத்தாலும் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் வீட்டுப் போன் பேசாது. அதனால் செல்போன் என்ற இரண்டாவது வழி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

மேகம் கறுத்தாலே செல்போனை முழுதாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு சாதாரண பட்டன் போன் இருப்பது நல்லது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் தாங்கும். அதில் போடும் சிம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு டவர் விழுந்தாலும் இன்னொன்று கைகொடுக்கலாம். அதற்கும் ரீசார்ஜ் தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் பற்றி நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்பவை இவை:

"அவரு போனுக்கு லாக் போட்டு வெச்சிருக்காரு. எனக்கு அதைத் திறக்கத் தெரியாது. என்ன செய்ய?" லாக் திறக்க வேண்டாம். லாக் போட்ட திரையிலேயே எமர்ஜென்சி என்று ஒரு இடம் இருக்கும். அதைத் தொட்டு 112 அடிக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

"நம்பர் அடிக்கக்கூட முடியாத நிலைமைன்னா?" 2017 முதல் இந்தியாவில் விற்கும் செல்போன்களில் ஆபத்து பட்டன் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பட்டன் போனில் 5 அல்லது 9 எண்ணை அழுத்திப் பிடிக்க வேண்டும். டச் போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்த வேண்டும், சில போன்களில் ஐந்து முறை. உங்கள் போனில் எப்படி என்று பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"வாட்ஸ்அப்பில் 108-க்குப் பேசலாமா?" முடியாது. வாட்ஸ்அப் காலில் 108, 112 எதுவும் போகாது. சாதாரண அழைப்பில்தான் போகும்.

"வீட்டுக்குள்ள டவரே எடுக்காது, ஆனா வைஃபை இருக்கு." பல செல்போன்களில் வைஃபை காலிங் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டு வைத்தால் டவர் இல்லாத இடத்திலும் வைஃபை மூலம் சாதாரண அழைப்பு பேசலாம். பக்கத்து வீட்டுக்காரரை, உறவுக்காரரைக் கூப்பிட உதவும். ஆனால் 108, 112 அழைப்பு இதில் நிச்சயம் போகும் என்று நம்பி இருக்க வேண்டாம். மோடம் அணைந்தால் இதுவும் நின்றுவிடும். மாடியிலோ வாசலிலோ எந்த இடத்தில் டவர் எடுக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும் புயல் என்றால் கதையே வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் நாள் கணக்கில், சில ஊர்களில் வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஊரில் யாரிடம் வண்டி இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் எங்கே இருக்கிறார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எது என்ற விவரம் காகிதத்தில் இருந்தால்தான் உதவும். பிரசவத் தேதி நெருங்கியவர் வீட்டில் இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த உடனேயே செவிலியரிடம் சொல்லி முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது ஏற்பாடு: ஒத்திகை

சமையல் காஸ் சிலிண்டரை மாட்டியதும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா? அதுபோலப் போனையும் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டுப் போனில் இருந்து தோழி வீட்டுக்கு அடித்துப் பாருங்கள். அவரைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் நடந்தால் உங்கள் போன் தயார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

சும்மா பார்ப்பதற்காக 108-க்கும் 112-க்கும் அடிக்கடி போடக்கூடாது. அந்த நேரத்தில் நிஜமான ஆபத்தில் இருக்கும் ஒருவருக்கு லைன் கிடைக்காமல் போகலாம். புது இணைப்புக் கொடுக்க வரும் ஊழியரிடம், அவசர எண்கள் போகின்றனவா என்று அன்றைக்கே உறுதி செய்துகொள்ளுங்கள். சோதனைக்காக ஒரு முறை அடிக்க நேர்ந்தால், பேசாமல் வைத்துவிடாதீர்கள். "அவசரம் இல்லைங்க, புது போன், சோதனைக்குக் கூப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

ஒத்திகை பார்க்கும்போது வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும். மாமியார், மருமகள், பத்து வயதுப் பிள்ளை எல்லோரும் ஒரு தடவை போனை எடுத்து, அட்டையைப் பார்த்து, முகவரியை வாய்விட்டுச் சொல்லட்டும். போன் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பது நாம்தான்.

சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள்

112 – எல்லா அவசரத்துக்கும் பொதுவான எண்
108 – ஆம்புலன்ஸ்
100 – காவல்துறை
101 – தீயணைப்பு
181 – பெண்கள் உதவி எண்
1098 – குழந்தைகள் உதவி எண்
14567 – முதியோர் உதவி எண்
104 – உடல்நல ஆலோசனை
1077 – மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை
94987 94987 – மின்சாரப் புகார், மின்னகம்

மூன்று இலக்க எண்களுக்கு முன்னால் ஊர்க் குறியீடு எதுவும் போட வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு செலவு முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்குநர் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதட்டும்.

- யார் யார் வீட்டில் நெட் போன் இருக்கிறது? கரண்ட் போனால் அது பேசுகிறதா?
- யார் வீட்டில் கர்ப்பிணி, வயதானவர், இதய நோயாளி, வலிப்பு உள்ளவர் இருக்கிறார்?
- அந்த வீட்டுக்கு ராத்திரியில் உதவிக்கு ஓடி வரக்கூடிய பக்கத்து வீட்டு உறுப்பினர் யார்?
- ஊரில் வண்டி வைத்திருப்பவர் யார்? அவர் எண் என்ன?

யூபிஎஸ் வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு உள்கடன் கொடுக்கலாம். 1,500 ரூபாய்க் கடனை மாதம் 150 வீதம் கட்டினால் பத்து மாதத்தில் அசல் முடிந்துவிடும். நாலைந்து குழுக்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கடையில் விலை பேசலாம். ஆபத்தில் இருப்பவர் உள்ள வீடுகளுக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முதலில் சொன்ன அந்த அம்மா வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். மோடத்துக்குப் பக்கத்தில் சின்ன யூபிஎஸ் இருந்தது. மேலே பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் முகவரி எழுதி ஒட்டியிருந்தார்கள். "எங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்டையைத் திரும்பிப் பார்க்காமல் கதவு எண்ணில் இருந்து பின்கோடு வரை கடகடவென்று ஒப்பித்தார்.

"அன்னிக்கு இது தெரியலையேன்னு இன்னமும் மனசு அடிச்சுக்குதும்மா. இனிமே யாருக்கும் அப்படி ஆகக்கூடாது" என்றார்.

மழைக்காலம் வருவதற்குள் நம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் அந்த அட்டை இருக்கட்டும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக ஓர் அட்டையும் பேனாவும் எடுங்கள்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர்